தொடர்படப்பிடிப்பில் நேரும் தடைகளும் தீர்வுகளும்

முன்னுரை

எழுத்தொலியின் அளவாகிய மாத்திரையை விளக்கப் புகுந்த தொல்காப்பியர், கண் இமைக்கும் நேரத்தையும் கை நொடிக்கும் நேரத்தையும் அதற்கு அளவாகக் காட்டினார். நம் முன்னோர்க்குக் கண்ணிமைப் பொழுது என்பது காலத்தின் மிகச் சிறிய கூறுகளுள் ஒன்று. இன்று நம் இளைஞர் கையில் விளங்கும் டிஜிட்டல் கேமராவோ அப்பொழுதையும் பல கூறாக்கி, ஒவ்வொரு கூறையும் தனித்தனிப் படமாகத் தரவல்லதாக உள்ளது. பொத்தானை அழுத்திய விரலை எடுக்காமல் வைத்திருந்தால், ஒரு நொடிக்கு மூன்று, ஐந்து, பத்து எனக் கேமராவின் தகுதிக்கேற்பப் படங்கள் அடுக்கடுக்காகப் பதிவாகின்றன. இம்முறையைத் ‘தொடர்படப்பிடிப்பு’ என்னும் சொல்லால் இக்கட்டுரையில் குறிப்போம்.

இத்தகைய கருவி, வேண்டிய வேளையில் வேண்டியவாறு இயங்காது நின்றுவிடுவதும் உண்டு. முதற் சில படங்கள் விரைந்து பதிவாகும். பின்னர்க் கருவி திணறும். சிலபோது ஒரே படத்தோடு ஓய்ந்துவிடும். உடனே கருவி பழுதுற்றது எனக் கருதிப் பொருளையும் மனவமைதியையும் இழப்போர் பலர். தடை எங்கே பிறக்கிறது, அதனை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு நீக்குவது என்னும் மூன்றையும் முறையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மாணவரின் அனுபவம்

தைப்பொங்கலை ஒட்டி வேலூர், அணைக்கட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரச் சிற்றூர்களில் எருது விடும் விழா நடைபெறுவதை நாம் அனைவரும் அறிவோம். தென்மாவட்டச் சல்லிக்கட்டைப் போன்று இங்குக் காளையைத் தழுவி அடக்குவதில்லை. தடுப்புக் கட்டிய தெருவில் காளை ஓடிவந்து எல்லைக்கோட்டைக் கடக்க வேண்டும். குறைந்த நேரத்தில் கடந்த காளைக்கே பரிசு. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம், சல்லிக்கட்டு என்னும் சொல்லின் பொருளுக்குள் எருது விடும் விழாவையும் பெயர் சுட்டி அடக்கியுள்ளது. அச்சட்டம் செல்லும் என 2023ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவ்விழாவைப் படமெடுக்க நம் துறை மாணவர் ஒருவர் சென்றார். அவர் வார இறுதிகளில் திருமண மண்டபங்களில் படமெடுத்துத் தம் கல்விச் செலவை ஈட்டுபவர். அவருடைய தாயார் காலணித் தொழிற்சாலையில் தையற்பிரிவில் பணிபுரிபவர். அந்த அம்மையாரின் நகையை அடகு வைத்தே கேமரா வாங்கப்பட்டது. காளை வாடிவாசலை விட்டுப் புறப்பட்டதும் மாணவர் பொத்தானை அழுத்தினார். பன்னிரண்டு படங்கள் தடையின்றி விழுந்தன. பின்னர்க் கேமரா நொடிக்கு ஒரு படம் என்னும் அளவுக்குத் தளர்ந்தது. காளை எல்லைக்கோட்டைக் கடந்த கணம் எந்தப் படத்திலும் இல்லை. அடுத்த காளைக்கும் அவ்வாறே நேர்ந்தது.

பழுதுபார்க்கும் கடை ஒன்றில் காட்டியபோது, உள்ளிருக்கும் மின்பலகையை மாற்ற வேண்டும் என்று கூறிக் கேமராவின் விலையில் ஏறத்தாழப் பாதியைக் கேட்டனர். பழைய கேமரா வாங்கும் மற்றொருவர் அதனினும் குறைந்த தொகைக்குத் தாமே எடுத்துக்கொள்வதாகக் கூறினார். விற்றுவிடலாம் என்னும் முடிவோடுதான் அம்மாணவர் நம்மிடம் வந்தார். அவருடன் அமர்ந்து நாம் மேற்கொண்ட ஆய்வே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

வரலாற்றில் ஒரு நோக்கு

தொடர்ந்து படமெடுக்க முயன்றோர் எக்காலத்தும் ஏதேனும் ஒரு தடையை எதிர்கொண்டே வந்துள்ளனர். 1878ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட்வர்டு மைபிரிட்ஜ் என்பவர், பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே வேளையில் நிலத்தை விட்டு எழுகின்றனவா என்னும் ஐயத்தைத் தீர்க்க முற்பட்டார். அக்காலக் கேமரா ஒரு முறைக்கு ஒரு படமே எடுக்கும். ஆகவே அவர் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தினார். நான்கு கால்களும் எழுகின்றன என்பது மெய்ப்பிக்கப்பட்டது. 1882இல் பிரெஞ்சு அறிஞர் மாரே, துப்பாக்கி வடிவில் அமைந்த ஒரே கருவியால் நொடிக்கு 12 படங்கள் எடுத்தார்.

பிலிம் காலத்தின் இறுதியில், 1996இல் வெளிவந்த நிக்கான் எஃப்5 என்னும் கேமரா நொடிக்கு 8 படங்கள் எடுத்தது. ஆயின் 36 படங்கள் கொண்ட பிலிம் சுருள் அவ்வேகத்தில் நாலரை நொடியில் தீர்ந்துவிடும். 1999இல் வெளிவந்த டிஜிட்டல் கேமராவாகிய நிக்கான் டி1, நொடிக்கு நாலரைப் படம் என்னும் விகிதத்தில் தொடர்ந்து 21 படங்கள் எடுத்தது. 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மூன்றாம் வகை, நொடிக்கு 120 படங்கள் வரை எடுக்கிறது. மைபிரிட்ஜுக்குக் கேமராக்களின் எண்ணிக்கை எல்லையாயிற்று. பிலிம் காலத்தார்க்குச் சுருளின் நீளம் எல்லையாயிற்று. நமக்கோ, எடுத்த படத்தைச் சேமித்து முடிக்கும் வேகமே பெரும்பாலும் எல்லையாகிறது.

படம் கடந்து செல்லும் வழி

தடையை அறிய வேண்டுமெனில் முதலில் வழியை அறிதல் வேண்டும். பொத்தானை அழுத்தியதும் ஒரு படம் ஐந்து நிலைகளைக் கடக்கிறது. முதலாவது, லென்ஸ் பொருளைக் குவியப்படுத்தும் போகஸ் நிலை. இரண்டாவது, ஷட்டர் திறந்து ஒளியை உள்ளே விட்டு மூடும் நிலை. மூன்றாவது, உணரியில் விழுந்த ஒளியை எண்களாக மாற்றிச் செயலி திருத்தும் நிலை. நான்காவது, அப்படம் பஃபர் எனப்படும் தற்காலிக நினைவகத்தில் காத்திருக்கும் நிலை. ஐந்தாவது, மெமரி கார்டில் நிலையாக எழுதப்படும் நிலை. இவை அனைத்துக்கும் ஆற்றல் வழங்குவது பேட்டரி.

நம் பகுதியினர்க்கு இதனை விளக்குதல் எளிது. டேனரி என மக்கள் வழங்கும் தோல் பதனிடும் ஆலையில் பச்சைத்தோல் ஊறவைக்கப்படுகிறது, சுண்ணாம்பில் இடப்படுகிறது, சதை நீக்கப்படுகிறது, டிரம்மில் பதனிடப்படுகிறது, பின்னர் உலர்த்தப்படுகிறது. மழைக்காலத்தில் உலர்த்தும் பகுதி தளர்ந்தால், டிரம் எத்துணை விரைந்து சுழன்றாலும் பயனில்லை. ஈரத்தோல் ஓரிடத்தில் குவியும். குவிக்கவும் இடமில்லாதபோது முன்னுள்ள பணிகளையும் நிறுத்தத்தான் வேண்டும். ஆலையின் வேகம் என்பது அதன் மிக மெதுவான பகுதியின் வேகமே. கேமராவின் நிலையும் இதுவே. பஃபரை நாம் ‘இடைக்கிடங்கு’ எனலாம். உலர்த்தும் இடத்துக்கு நிகரானது மெமரி கார்டு.

அறிகுறி கொண்டு காரணம் அறிதல்

நோயையும், அதன் காரணத்தையும், அதனைத் தணிக்கும் வழியையும் முறையே ஆராய வேண்டும் என்பது திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்த நெறி. கேமராவுக்கும் அந்நெறி பொருந்தும். ‘கேமரா நிற்கிறது’ என்று மட்டும் கூறுதல் போதாது. எப்பொழுது நிற்கிறது, எவ்வாறு நிற்கிறது என வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவின், தடைகள் ஐந்து வகையாகப் பிரியக் காணலாம்.

1. அழுத்தினால் ஒரே படத்தோடு ஓய்ந்துவிடுதல். இங்குக் கேமரா பெரும்பாலும் ஒற்றைப்படம் எடுக்கும் நிலையிலோ, தானியங்கி நேரநிலையிலோ இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தாள்கள் போன்ற குறி உள்ள தொடர்நிலைக்கு மாற்றுதல் வேண்டும். கேமராவில் உள்ள பிளாஷ் உயர்ந்து நின்றால் பல கேமராக்கள் தொடர்படப்பிடிப்பை அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் பிளாஷ் மின்னேற்றம் பெறக் காத்திருக்க வேண்டியிருப்பதே காரணம். பல படங்களை இணைத்து ஒரே படமாக்கும் எச்.டி.ஆர். முதலிய சிறப்பு நிலைகளும் தொடரை நிறுத்திவிடும்.

2. தொடக்கம் முதலே சீராக மெதுவாக ஓடுதல். தொடர்நிலையிலேயே மெதுநிலை, விரைநிலை என இருவகை உண்டு. மெதுநிலையில் உள்ளதா எனக் காண்க. அடுத்து நோக்கத்தக்கது ஷட்டரின் வேகம். ஷட்டர் ஒரு படத்துக்குக் கால் நொடி திறந்திருக்குமாயின், நொடிக்கு 5 படங்கள் எடுத்தல் எவ்வாற்றானும் இயலாது. ஒளி குறைந்த மண்டபங்களில் கேமராவைத் தானியங்கி முறையில் விட்டால் இந்நிலை நேரும். ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்தியோ, லென்ஸின் துளையை அகலத் திறந்தோ ஷட்டர் வேகத்தைக் கூட்டுதல் வேண்டும். நம் நாட்டு மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 என்பதால், குழல்விளக்கு முதலியவை நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்து மினுக்குகின்றன. இம்மினுக்கைத் தவிர்க்கும் வசதியை இயக்கினால், கேமரா ஒளி மிகும் கணத்துக்காகக் காத்திருந்து எடுக்கும்; அதனாலும் வேகம் குறையலாம். வெயிலில் எடுக்கும்போது அவ்வசதி தேவையில்லை.

3. சிலபோது ஓடியும் சிலபோது நின்றும் ஒழுங்கின்றி இயங்குதல். இதற்குக் காரணம் பெரும்பாலும் போகஸ். பொருள் தெளிவாகக் குவிந்தாலன்றிப் படமெடுக்காதே என்னும் ஆணை கேமராவுக்குள் இருக்கும். புழுதி பறக்கும் தெருவில் காளை விரைந்து நெருங்கும்போது லென்ஸ் தடுமாறும். தடுமாறும்வரை ஷட்டரும் காத்திருக்கும். ஒருமுறை குவித்து நிற்கும் நிலையிலிருந்து, நகரும் பொருளைத் தொடர்ந்து குவிக்கும் நிலைக்கு மாற்றுதல் வேண்டும். நிக்கான், சோனி கேமராக்களில் ஏ.எஃப்.-சி என்றும், கேனான் கேமராக்களில் சர்வோ என்றும் அந்நிலை குறிக்கப்படும். குவியத்தைக் காட்டிலும் எடுத்தலுக்கே முதன்மை தரும் தேர்வும் பல கேமராக்களில் உண்டு. அதனைக் கொண்டால் வேகம் நிலைக்கும்; சில படங்கள் தெளிவின்றி விழுவதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

4. ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் நெடுநேரம் காத்திருத்தல். இது செயலியின் பணிச்சுமையால் நேர்வது. நெடுநேரம் ஒளி விடும் படங்களில் தோன்றும் புள்ளிகளை நீக்கும் வசதி இயங்கினால், கேமரா எடுத்த படத்துக்கு ஈடான நேரம் ஷட்டரை மூடிவைத்து மற்றொரு கரும்படம் எடுத்து ஒப்பிடும். 10 நொடிப் படத்துக்கு மேலும் 10 நொடி காத்திருக்க நேரும். இது பழுதன்று, கருவி தன் கடமையைச் செய்கிறது. ஐ.எஸ்.ஓ. உயர்ந்தபோது புள்ளிகளை மிகுதியாக நீக்கும் ஆணை, லென்ஸின் வளைவைத் திருத்தும் ஆணை ஆகியனவும் சில கேமராக்களில் தொடர்ச்சியைக் குறைக்கின்றன. விரைவு வேண்டுமிடத்து இவற்றை நிறுத்திவைத்துப் பின்னர்க் கணினியில் திருத்திக்கொள்ளலாம்.

5. விரைந்து தொடங்கிச் சில நொடிகளில் தளர்தல். நம் மாணவருக்கு நேர்ந்தது இதுவே. இடைக்கிடங்கு நிரம்பியமையே இதன் காரணம். இதனை விரிவாக ஆராய்தல் வேண்டும்.

இடைக்கிடங்கின் கணக்கு

இரண்டு கோடியே நாற்பது இலட்சம் புள்ளிகள் கொண்ட, அதாவது 24 மெகாபிக்சல் கேமரா ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரா எனப்படும் பக்குவப்படுத்தாத படக்கோப்பு ஒன்று 25 மெகாபைட் எனவும், இடைக்கிடங்கு அத்தகைய 10 படங்களைக் கொள்ளும் எனவும், கேமரா நொடிக்கு 5 படங்கள் எடுக்கும் எனவும் கொள்வோம். கார்டு நொடிக்கு 25 மெகாபைட் எழுதுமாயின், ஒரு நொடியில் 5 படங்கள் கிடங்கில் நுழைய, 1 படம் மட்டுமே வெளியேறும். எஞ்சிய 4 படங்கள் தேங்கும். ஆகவே இரண்டரை நொடியில் கிடங்கு நிரம்பிவிடும். அதற்குள் எடுத்தவை 12 படங்கள். அதன்பின் ஒரு படம் வெளியேறினாலன்றி மற்றொன்று நுழைய இயலாது. வேகம் நொடிக்கு 1 படமாகக் குறையும்.

இப்போது கார்டை மட்டும் மாற்றி, நொடிக்கு 75 மெகாபைட் எழுதும் கார்டை இடுவோம். 5 படங்கள் நுழைய 3 படங்கள் வெளியேறும். கிடங்கு நிரம்ப 5 நொடியாகும். அதற்குள் 25 படங்கள் கிடைக்கும். நிரம்பிய பின்னும் நொடிக்கு 3 படங்கள் எடுக்கலாம். இனிப் படத்தின் வகையையும் மாற்றி, 10 மெகாபைட் அளவுள்ள ஜேபெக் படமாக எடுத்தால், நொடிக்கு 50 மெகாபைட் மட்டுமே நுழையும். 75 மெகாபைட் வெளியேற வழியுண்டு. அந்நிலையில் கிடங்கு நிரம்பாது. ரா, ஜேபெக் இரண்டையும் ஒருங்கே பதிவு செய்யும் வழக்கம் உடையோர், இரண்டின் சுமையும் ஒருசேரக் கிடங்கில் ஏறுவதை உணர்தல் வேண்டும்.

கிடங்கின் நிலையைக் கேமராவே நமக்கு அறிவிக்கிறது. நிக்கான் கேமராக்களில் பொத்தானைப் பாதி அழுத்தினால் ‘ஆர்’ என்னும் எழுத்தோடு ஓர் எண் தோன்றும். இன்னும் எத்தனை படங்களுக்கு இடமுண்டு என்பதை அது காட்டும். கேனான் கேமராக்களில் கிடங்கு நிரம்பியபோது ‘பிஸி’ என்னும் சொல் தோன்றும். கார்டில் எழுதும் வேளையில் சிறு விளக்கொன்று ஒளிரும். அவ்விளக்கு அணையுமுன் கார்டையோ பேட்டரியையோ கழற்றுதல் கூடாது. எழுதப்பெறாத படங்கள் அழிவதோடு, எழுதியவையும் கெடலாம்.

கார்டில் அச்சிட்ட எண்கள்

கார்டின் முகப்பில் பெரிதாக அச்சிடப்படும் வேகம் பெரும்பாலும் படங்களைக் கார்டிலிருந்து கணினிக்கு மாற்றும் வேகமே. கார்டில் எழுதும் வேகம் அதனினும் குறைவாகவே இருக்கும். நாம் நோக்க வேண்டியவை சிறு குறிகள். வட்டத்துக்குள் 10 என்றிருப்பின், நொடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் தொடர்ந்து எழுதும் எனப் பொருள். ‘யு’ வடிவுக்குள் 1 என்றால் 10 மெகாபைட். 3 என்றால் 30 மெகாபைட். ‘வி’ என்னும் எழுத்தை அடுத்து 30, 60, 90 என்றிருப்பின் அவ்வெண்ணே மெகாபைட் அளவாகும்.

விலை மிகுந்த கார்டு எல்லாக் கேமராவுக்கும் பயன்தரும் எனக் கருதுதலும் பிழையே. யு.எச்.எஸ். முதல்வகைச் செருகிடம் உடைய கேமராவில் நொடிக்கு 104 மெகாபைட்டுக்கு மேல் எந்தக் கார்டும் விரைய இயலாது. இரண்டாம்வகைக் கார்டை இட்டாலும் மிகுதி வேகம் வீணே. இரண்டு கார்டுகளில் ஒரே படத்தை ஒருங்கே எழுதும் கேமராக்களில், மெதுவான கார்டே வேகத்தை வகுக்கும். போலிக் கார்டுகளும் சந்தையில் உலவுகின்றன; அவற்றில் அச்சிட்ட எண்ணுக்கும் உள்ளிருக்கும் பொருளுக்கும் தொடர்பில்லை. படங்களை வேறிடத்தில் சேமித்த பின்னர், கார்டைக் கேமராவிலேயே பார்மட் செய்தல் நன்று.

ஒன்றை மறைத்து ஒன்றைக் காணல்

காரணங்கள் பலவாயின் உண்மைக் காரணத்தை எவ்வாறு தேறுவது? இதற்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே ஒரு வழி காட்டப்பட்டுள்ளது. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னு அல்ஹைதம், ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஒளியியல் நூலில் ஓர் ஆய்வை விவரிக்கிறார். இருட்டறையின் துளைக்கு எதிரே பல விளக்குகளை வெவ்வேறிடங்களில் வைத்தால், அறைக்குள் அத்தனை ஒளிப்புள்ளிகள் தோன்றும். ஒரு விளக்கை மட்டும் மறைத்தால், அதற்குரிய ஒளிப்புள்ளி மட்டுமே மறையும். மறைப்பை நீக்கினால் மீண்டும் தோன்றும். இதனால் எந்த ஒளி எந்த விளக்கினுடையது என்பது ஐயமற விளங்கியது. கேமராவின் முன்னோடியாகிய இருட்டறையை ஆராய்ந்த அப்பெருமகனாரின் முறையே கேமராவின் குறையை ஆராயவும் ஏற்ற முறையாகும். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

நாம் மேற்கொண்ட சோதனை வருமாறு. முதலில் கேமராவின் சுமைகள் அனைத்தையும் இறக்கினோம். பேட்டரியை முழுமையாக மின்னேற்றினோம். போகஸைக் கையால் அமைக்கும் நிலைக்கு மாற்றினோம். ஷட்டர் வேகத்தை நொடியில் 500இல் ஒரு பங்காக வைத்தோம். பிளாஷ், புள்ளி நீக்கம், மினுக்குத் தவிர்ப்பு ஆகியவற்றை நிறுத்தினோம். ஜேபெக் வகையைத் தேர்ந்து, வெளிச்சமான முற்றத்தை நோக்கி 5 நொடி அழுத்தினோம். 25 படங்கள் சீராக விழுந்தன. ஷட்டர், கண்ணாடி, செயலி ஆகிய யாவும் நலமே என்பது அப்போதே தெளிவாயிற்று; மின்பலகை பழுது என்னும் கூற்று அங்கேயே வீழ்ந்தது.

பின்னர் இறக்கிய சுமைகளை ஒவ்வொன்றாக ஏற்றினோம். தானியங்கிப் போகஸைச் சேர்த்தோம், மாற்றமில்லை. புள்ளி நீக்கத்தைச் சேர்த்தோம், மாற்றமில்லை. ரா வகைக்கு மாற்றினோம். பன்னிரண்டாம் படத்தோடு கேமரா தளர்ந்தது. மற்ற யாவற்றையும் அவ்வாறே வைத்துக் கார்டை மட்டும் மாற்றினோம். தளர்ச்சி பெரிதும் நீங்கிற்று. கழற்றிய கார்டைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அது செல்பேசியிலிருந்து எடுத்து அடாப்டரில் பொருத்திய சிறு கார்டு. வட்டத்துக்குள் 10 என்னும் குறியைத் தவிர வேறு குறி அதில் இல்லை. புதிய கார்டின் விலை, பழுதுபார்ப்புக்குக் கேட்ட தொகையில் இருபதில் ஒரு பங்கு.

விரல் அறிய வேண்டிய காலம்

கார்டை மாற்றியதோடு ஆய்வு முடிந்துவிடவில்லை. காளை நொடிக்கு 10 மீட்டர் ஓடுவதாகக் கொண்டால், நொடிக்கு 5 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அது 2 மீட்டர் கடந்துவிடும். கிடங்கு நிரம்பி நொடிக்கு 1 படம் என்றானபோது அந்த இடைவெளி 10 மீட்டராகும். எல்லைக்கோடு அந்தப் பத்து மீட்டருக்குள் மறைந்துபோயிற்று. காளை வாடிவாசலை விட்டுப் புறப்பட்டபோதே விரலை அழுத்தியதால், யாருக்கும் வேண்டாத தொலைவுப் படங்களே கிடங்கை நிறைத்துவிட்டன. எல்லைக்கோட்டுக்கு ஏறத்தாழப் பத்து மீட்டருக்கு முன்னிருந்து அழுத்தியிருப்பின், பழைய கார்டிலேயே அக்கணம் பதிவாகியிருக்கும். வேண்டிய கணத்துக்குச் சற்று முன்னே தொடங்கி, அது கழிந்ததும் விரலை எடுத்து, கிடங்கு காலியாக இடந்தருதலே தொடர்படப்பிடிப்பின் அடிப்படைப் பயிற்சியாகும்.

ஷட்டர் வேகத்தையும் இதனோடு இணைத்தே எண்ணுதல் வேண்டும். நொடியில் 50இல் ஒரு பங்கு திறந்திருக்கும் ஷட்டரில் அக்காளை 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், படம் கலங்கும். 1000இல் ஒரு பங்காயின் 1 சென்டிமீட்டரே நகரும். படங்களின் எண்ணிக்கை மிகுந்தும் அனைத்தும் கலங்கியிருப்பின் பயன் யாது?

மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தினால் வேகம் கூடும் எனச் சிலர் அறிவுறுத்துவர். அது உண்மையே எனினும், பெரும்பாலான கேமராக்களில் அம்முறை படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், விரைந்தோடும் பொருளின் உருவம் சாய்ந்து தோன்றலாம். சில எல்.இ.டி. விளக்குகளின் ஒளியில் கோடுகளும் விழும். ஒரு குறையை நீக்க முயன்று மற்றொன்றை வருவித்துக்கொள்ளாதிருத்தல் நலம்.

உண்மையான பழுதுகள்

எல்லாத் தடைகளும் அமைப்புப் பிழைகளே என்று கூறிவிடவும் இயலாது. ஷட்டர் தேயும் பொருள். 2017இல் வெளிவந்த நிக்கான் டி850 கேமராவின் ஷட்டர் 2 இலட்சம் முறை இயங்குமாறு சோதிக்கப்பட்டது. திருமணங்களில் தொடர்ந்து படமெடுப்போர் இத்தகைய எண்ணிக்கையைச் சில ஆண்டுகளிலேயே எட்டிவிடக்கூடும். தேவையில்லாதபோதும் தொடர்நிலையிலேயே கேமராவை வைத்திருத்தல் அதன் ஆயுளைக் குறைக்கும். பேட்டரியும் மூப்படையும், மின்னாற்றல் தாழ்ந்தபோது சில கேமராக்கள் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேற்குறித்த டி850 கேமராவிலேயே நொடிக்கு 7 படங்கள் என்னும் வேகம், தனிப்பிடியும் அதற்குரிய பெரிய பேட்டரியும் பொருத்தினால் 9 ஆக உயர்வது, ஆற்றலுக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கும்.

எல்லாச் சுமைகளையும் இறக்கிய பின்னும், கார்டு, பேட்டரி, லென்ஸ் மூன்றையும் மாற்றிப் பார்த்த பின்னும், அமைப்புகளைத் தொடக்க நிலைக்கு மீட்ட பின்னும் கேமரா தளர்ந்தால், அல்லது பிழைச்செய்தி மீண்டும் மீண்டும் தோன்றினால், அப்போது தேர்ந்த பழுதுநீக்குநரை நாடுதல் வேண்டும். நாம் செய்த சோதனைகளை ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்வது அவருக்கும் துணையாகும்; நம்மை எவரும் எளிதில் ஏமாற்றாதிருக்கவும் உதவும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், தொடர்படப்பிடிப்பின் வேகம் ஒரு தனி உறுப்பின் வேகம் அன்று என்பதும், போகஸ், ஷட்டர், செயலி, இடைக்கிடங்கு, கார்டு ஆகியவற்றுள் எது மெதுவானதோ அதன் வேகமே கேமராவின் வேகம் என்பதும் விளங்கும். எப்போது நின்றது என வினவினால் காரணம் எவ்வகையினது என்பது புலப்படும். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால் அக்காரணம் உறுதிப்படும்.

அடுத்த ஆண்டு விழாவில் அம்மாணவர் தடுப்புக்குப் பின்னே, எல்லைக்கோட்டுக்கு நேராக நின்றார். காளை நெருங்கும்வரை விரலை அடக்கி, உரிய வேளையில் அழுத்தினார். காளையின் முன்னங்கால்கள் கோட்டுக்கு மேலே எழுந்து நின்ற படம் ஒன்றை நமக்குக் காட்டினார். அதனினும் நம் மனத்தை நிறைவித்த செய்தி ஒன்றுண்டு. விற்கவிருந்த அக்கேமரா அவர் தோளிலேயே தொங்கியது. அதன் உழைப்பால் தாயாரின் நகையும் அடகிலிருந்து மீண்டது. கருவியின் மேல் குறை காணுமுன் அதன் வழியை அறிந்துகொள்ளுதல் எத்துணைப் பயனுடையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.